இருபது ரூபாய்ப் பத்திரத்தில் முடியாத கல்யாணம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு பெரியவர், விவாகரத்து இப்போது விளையாட்டாகிவிட்டது, காலையில் சண்டை போட்டவர்கள் சாயங்காலம் கோர்ட் வாசலில் நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தார். கவுன்சலிங்கைக் கட்டாயமாக்கினால் பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள் என்றும் யோசனை சொல்லியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு திங்கட்கிழமை என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தால், அவரே உங்களுக்கு வேறு மாதிரி ஒரு கடிதம் எழுதுவார்.

தென்மாவட்டத்தில், தீப்பெட்டி ஆபீஸ்களை நம்பிப் பிழைக்கும் ஒரு தாலுகா ஊரில், கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். எட்டுக்கு ஆறு கடை. ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்டூல். இந்தக் கடைக்கு வருவதற்கு முன் அதே கோர்ட் வராண்டாவில் நானும் ஒரு மனுதாரராகக் காத்துக் கிடந்தவள்தான். அதனால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

எனக்குக் கல்யாணம் ஆனது 2009-ல். பதினோரு பவுன், ஒரு பீரோ, ஒரு கட்டில். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர் வேலை. மகன் பிறந்து ஒன்றரை வருடத்தில், அடி தாங்காமல் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தக் கதையை விரித்து எழுதப் போவதில்லை. குடிகாரன் வீட்டுக் கதை எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது.

2014 ஆடி மாதம், எங்கள் ஊர்ச் சாவடியில் இரு பக்கத்து ஆட்களும் கூடினார்கள். கோர்ட்டுக்குப் போகாமல் ஊர்ப் பஞ்சாயத்திலேயே கல்யாணத்தைத் தீர்த்துவிடுவதை எங்கள் பக்கம் ‘அத்துவிடுறது’ என்பார்கள். நான் சாவடிக்குள் போகவில்லை. பெண்கள் நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே என் வாழ்க்கையைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வெளியே நான் பையனுக்குக் கடலை மிட்டாயை உடைத்து உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்துத் தாய்மாமன் வந்து, “தாயி, இதுல ஒரு கையெழுத்துப் போடு” என்று ஒரு பத்திரத்தை என் மடியில் வைத்தார். இருபது ரூபாய்ப் பத்திரம். நாங்கள் இருவரும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம், இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியமும் இல்லை, ஜீவனாம்சம் கேட்க மாட்டேன், அவரவர் இஷ்டப்படி மறுமணம் செய்துகொள்ளலாம் என்று அதில் எழுதியிருந்தது. கீழே ஏழு சாட்சிகள். ஐந்து பவுனும் நாற்பதாயிரம் ரூபாயும் எண்ணிக் கொடுத்தார்கள். மறுநாள் அப்பா டவுனுக்குப் போய் அதில் நோட்டரி முத்திரையும் வாங்கி வந்தார்.

அந்தப் பத்திரத்தை அவர் ஒரு பாலிதீன் கவரில் போட்டு டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார். நிலத்துப் பட்டாவும் அதே கவரில்தான் இருந்தது. பட்டா எப்படியோ அப்படித்தான் இதுவும் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பினோம்.

2017-ல் ரேஷன் கார்டுகளை ஸ்மார்ட் கார்டாக மாற்றினார்கள் அல்லவா? என் பெயரும் மகன் பெயரும் மாமியார் வீட்டுக் கார்டிலேயே இருந்தன. அதிலிருந்து எடுத்துத் தனிக் கார்டு கொடுங்கள் என்று வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போய்ப் பத்திரத்தை நீட்டினேன். அங்கிருந்த கிளார்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுவதும் படித்தார். “ஏம்மா, இது ஊர்ல எழுதினதுல்ல? கோர்ட் ஆர்டர் எங்கே?” என்றார். கடுமையாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே எங்கே என்றுதான் கேட்டார். மூன்று வருடமாக என்னைத் தீர்த்துவிட்டவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டப்படி நான் இன்னும் அவர் மனைவிதான் என்பது ரேஷன் கவுன்டரில்தான் எனக்குத் தெரிந்தது.

இந்துத் திருமணச் சட்டம் 1955-ல் வந்தது. அதன்படி ஒரு கல்யாணத்தைக் கலைக்கக் கோர்ட்டால்தான் முடியும். பஞ்சாயத்தோ பத்திரமோ வக்கீல் நோட்டீசோ அதைச் செய்ய முடியாது. எத்தனை வருடம் பிரிந்திருந்தாலும் தானாகவும் அறுந்துபோகாது. ஒரு சமூகத்தில் வழிவழியாகத் தீர்த்துவிடும் வழக்கம் இருந்தால் அந்தச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் அப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது என்பதைக் கோர்ட்டில் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். சாவடியில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டதெல்லாம் வழக்கம் ஆகிவிடாது. நோட்டரிகள் கல்யாணப் பத்திரமோ விவாகரத்துப் பத்திரமோ செய்து கொடுக்கக் கூடாது என்று மத்திய சட்ட அமைச்சகம் 2024-ல் எழுதியே அனுப்பிவிட்டது. அதற்கு அப்புறமும் அப்படிப்பட்ட பத்திரங்கள் என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்துகொண்டுதான் இருக்கின்றன.

எங்கள் பத்திரத்தால் மாட்டிக்கொண்டது நான் மட்டுமில்லை. எழுதிய ஆறாவது மாதமே அவர் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அந்தப் பிள்ளையும் இதே இருபது ரூபாய்ப் பத்திரத்தைப் பார்த்துத்தான் கழுத்தை நீட்டியிருக்கிறது. முதல் கல்யாணம் உயிரோடு இருக்கும்போது நடந்த இரண்டாவது கல்யாணம் சட்டத்தின் முன் செல்லாது, குற்றமும்கூட. அவளுக்குப் பிறந்த குழந்தைக்கு அப்பா சொத்தில் உரிமை உண்டு என்று சட்டம் சொல்கிறது. அவளுக்கு மனைவி என்ற இடம் கிடையாது. இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. நான் அவளை முதன்முதலில் பார்த்தபோது இடுப்பில் பெண் குழந்தையோடு கோர்ட் வாசலில் நின்றாள். எனக்கு அவள் மேல் ஆத்திரம் வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை.

சரி, கோர்ட்டுக்குப் போவோம் என்று 2018-ல் ஒரு வக்கீலைப் பிடித்தோம். பிடித்துக் கொடுத்தவர் பஸ் ஸ்டாண்டில் அறிமுகமான ஒரு புரோக்கர். அவர் முதலில் சொன்னது, புருஷன் திருப்பூரில் இருப்பதால் வழக்கைத் திருப்பூரில்தான் போட வேண்டும், போக்குவரத்துச் செலவு தனி என்று. அது பொய். மனைவி எந்த ஊரில் குடியிருக்கிறாளோ அந்த ஊர்க் கோர்ட்டிலேயே மனுப் போடலாம் என்று 2003-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். நல்லவேளை, எங்கள் ஊர்த் தபால்காரர் அண்ணன் சொல்லி எங்கள் சப் கோர்ட்டிலேயே போட்டோம். குடும்ப நல நீதிமன்றம் இல்லாத ஊர்களில் சப் கோர்ட் எனப்படும் சார்பு நீதிமன்றத்தில்தான் இந்த மனுக்கள் நடக்கும்.

வக்கீலுக்கு முன்பணம் பதினைந்தாயிரம். அப்புறம் வாய்தாவுக்கு ஐந்நூறு, ஆயிரம். ‘வழக்கு நடக்கிறது’ என்பதைத் தவிர அவர் எனக்கு எதுவும் விளக்கியதில்லை. பதினோரு வாய்தா போனேன். ஒவ்வொரு தடவையும் தீப்பெட்டி ஆபீசில் அரைநாள் சம்பளம் போகும். வராண்டாவில் தூணை ஒட்டி உட்கார்ந்திருப்பேன். பெயரைக் கூப்பிடுவார்கள், ஓடிப்போய்க் கும்பிட்டுக்கொண்டு நிற்பேன், ஜூனியர் வந்து ஏதோ சொல்வார், அடுத்த தேதி கொடுப்பார்கள். முழுதாக ஒரு நிமிடம் ஆகாது. இப்போது இருக்கும் விவரம் அப்போது இருந்திருந்தால் பாதி நாள் போயிருக்கவே மாட்டேன். ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். எண் என்று பதினாறு இலக்கத்தில் ஒன்று உண்டு. அதை இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டால் அடுத்த தேதி என்ன, போன தடவை என்ன நடந்தது என்று போனிலேயே பார்க்கலாம். என் கடைக்கு வருகிற எல்லாருக்கும் அந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் போன் கவருக்குள் செருகிக் கொடுக்கிறேன். வக்கீலிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

பன்னிரண்டாவது வாய்தாவில் வராண்டாவைப் பெருக்கும் அக்கா துடைப்பத்தை நிறுத்திவிட்டு, “ஏ தாயி, நீ ஏன் இப்படிக் காசைக் கரைக்கிற? பின்னாடி லீகல் எய்டு ஆபீஸ்ல கேட்டியா?” என்றது. கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. கட்டடத்தின் பின்பக்கம், டூ வீலர் நிறுத்தும் கொட்டகைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு அறை. ‘வட்ட சட்டப் பணிகள் குழு’ என்று ஒரு பலகை, பாதி எழுத்து வெயிலில் வெளுத்துப் போய். அந்த வழியாகத்தான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கழிப்பறைக்குப் போய் வந்திருக்கிறேன். ‘சட்டப் பணிகள்’ என்றால் ஏதோ கோர்ட் ஊழியர்கள் வேலை பார்க்கும் இடம் என்று நினைத்துவிட்டேன். ‘இங்கே இலவசமாக வக்கீல் கிடைக்கும்’ என்று எழுதியிருந்தால் என்னைப் போன்றவளுக்குப் புரிந்திருக்கும்.

உள்ளே ஒரு சட்டத் தன்னார்வலர் அம்மா இருந்தார். ஒரு வெள்ளைத் தாளில் என் பெயர், வழக்கு எண், என்ன உதவி வேண்டும் என்று எழுதச் சொன்னார். வருமானச் சான்று எங்கே வாங்க வேண்டும் என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நம்பாமல் இன்னொரு தடவை கேட்டேன். 1987-ல் வந்த சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் இருக்கிறது. அதன் 12-ஆவது பிரிவின்படி பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும். மற்ற ஆண்களுக்கு வருமான வரம்பு உண்டு. வக்கீல் மட்டுமில்லை, கோர்ட் கட்டணம், மனு டைப் அடிக்கும் செலவு, தீர்ப்பு நகல் வாங்கும் செலவு எல்லாம் அதில் அடக்கம். இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9. நான் கோர்ட் படி ஏறியது 2018-ல். நடுவில் இருபத்து மூன்று வருடம்.

பழைய வக்கீலிடமிருந்து வழக்குக் காகிதக் கட்டைத் திரும்ப வாங்குவது ஒரு படலம். வக்காலத்து மாற்ற அவருடைய சம்மதக் கையெழுத்து வேண்டும். பாக்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கட்டை எடுத்துப் போ என்றார். பீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. புதிய வக்கீல் அதைப் போனில் நினைவுபடுத்தியதும் பத்தாவது நாள் கட்டு வந்தது.

புதியவர் வக்கீல் தொழிலுக்கு வந்து நான்கைந்து வருடமே ஆன இளம்பெண். முதல் நாளே என் மனுவைப் படித்துவிட்டு, “அக்கா, உங்களை அவர் கைவிட்டார்ன்னு மட்டும்தான் இதுல எழுதியிருக்கு. இது நிக்காதே” என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். இரண்டு வருடம் கைவிட்டுவிட்டார் என்று விவாகரத்துக் கேட்கலாம்தான். ஆனால் அந்தப் பிரிவு என் சம்மதம் இல்லாமல், என் விருப்பத்துக்கு மாறாக நடந்திருக்க வேண்டும். நானோ மனமொத்துப் பிரிந்தோம் என்று ஏழு சாட்சிகளோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன்! எதிர்த்தரப்பு அந்தப் பத்திரத்தை எடுத்துப் போட்டால் என் வழக்கு அங்கேயே படுத்துவிடும். விவாகரத்து வாங்கித் தர முடியாத பத்திரம், விவாகரத்தைத் தடுக்க மட்டும் பயன்படும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கொடுமைப்படுத்தியதையும் சேர்த்திருக்க வேண்டும் என்றார். அதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டார். அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு ஒன்றை அம்மா உளுந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்தது. ஏன் வைத்தாய் என்று கேட்டால், “என்னமோ தோணுச்சு” என்றது.

கடைசியில் கொடுமையை நிரூபிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. அவருக்கும் விவாகரத்து தேவைப்பட்டது. இரண்டாவது பெண்ணின் அண்ணன்மார் விஷயம் தெரிந்து நெருக்க ஆரம்பித்திருந்தார்கள். சமரச மையத்தில் நான்கு தடவை உட்கார்ந்து பேசினோம். மகன் பெயரில் பாங்கில் ஒன்றே முக்கால் லட்சம் டெபாசிட், மாதம் மூவாயிரம், மகன் என்னிடம் இருப்பது என்று முடிவானது. ‘ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்’ என்று சாவடியில் எழுதிக் கொடுத்துவிட்டேனே என்றேன். பிள்ளைக்கு வர வேண்டியதைத் தாய் எழுதிக் கொடுத்துவிட முடியாது, அது பிள்ளையின் உரிமை என்றார் வக்கீல்.

பழைய மனுவை வாபஸ் வாங்கிவிட்டு 2019 நவம்பரில் இருவரும் சேர்ந்து மனுப் போட்டோம். இதைத்தான் பரஸ்பர சம்மத விவாகரத்து என்கிறார்கள், சட்டத்தில் 13-பி. முன்பு இது கிடையாது, 1976-ல் சேர்த்தார்கள். இருவரும் ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து சம்மதம் சொல்ல வேண்டும். நடுவில் ஒருவர் மனம் மாறிச் சம்மதத்தை எடுத்துக்கொண்டால் அதோடு போயிற்று. அந்த ஆறு மாதத்தையும் தள்ளுபடி செய்யக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிரிந்து ஒன்றரை வருடத்துக்கு மேலாகி, சமரச முயற்சி தோற்று, ஜீவனாம்சம், பிள்ளை விஷயமெல்லாம் பேசி முடித்திருந்தால் கேட்கலாம். நாங்கள் பிரிந்து ஏழு வருடம். எங்கள் வக்கீலும் கேட்டு மனுப் போட்டார். விசாரணைக்கு வந்த தேதி 2020 மார்ச் கடைசி வாரம். கொரோனா வந்து கோர்ட்டையே பூட்டிவிட்டார்கள். தள்ளுபடி கேட்ட ஆறு மாதம் பதினைந்து மாதமாக நீண்டது. சிரிப்பதா அழுவதா சொல்லுங்கள். 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. நகல் மனுப் போட்டு டிகிரி, அதாவது விவாகரத்து ஆணை, கைக்கு வந்த அன்று நேராகப் போன இடம் அதே வழங்கல் அலுவலகம். அந்தக் கிளார்க் மாறுதலாகிப் போய்விட்டிருந்தார்.

இனி அந்தப் பெரியவருக்கு. ஐயா, கவுன்சலிங் ஏற்கெனவே இருக்கிறது. 1984-ல் வந்த குடும்ப நல நீதிமன்றச் சட்டமே, முதலில் சேர்த்து வைக்கப் பார், அப்புறம் விசாரணை நடத்து என்றுதான் நீதிபதிக்குச் சொல்கிறது. கோர்ட்டுக்கு வருவதற்கு முன் அம்மா, அப்பா, சித்தப்பா, தாய்மாமன், ஊர்ப் பெரியவர், மகளிர் காவல் நிலையம் என்று ஒவ்வொரு இடத்திலும் ‘அனுசரிச்சுப் போ’ என்ற கவுன்சலிங் நடந்து முடிந்துதான் ஒருத்தி என் கடை ஸ்டூலில் வந்து உட்காருகிறாள். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாமல், மிகவும் கொடுமையான நிலைமை இருந்தாலொழிய, விவாகரத்து மனுவே போட முடியாது. காலையில் சண்டை போட்டுச் சாயங்காலம் வாங்குவதற்கு அது பேருந்து டிக்கெட் இல்லை.

என் கடையில் நான் பார்ப்பது அவசரம் இல்லை, அறியாமை. மாசி மாதம் ஒரு பிள்ளை வந்தது. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். கையில் ஆதார் ஜெராக்ஸ். “அக்கா, என் பேர்ல ஏதோ தீர்ப்பு வந்திருக்காம், அதை எப்படி வாங்குறது?” என்று கேட்டது. விசாரித்தால், புருஷன் கோயம்புத்தூரில் விவாகரத்து வழக்குப் போட்டிருக்கிறான். சம்மன் தபாலில் வந்திருக்கிறது. அண்ணன், “வாங்காதே, வாங்கினாத்தான் கேஸ் நடக்கும்” என்று திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறான். இரண்டு தடவை திருப்பியிருக்கிறார்கள். சம்மனை வாங்க மறுத்தால் கொடுத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். இந்தப் பிள்ளை வராததால் அவன் சொன்னதை மட்டும் கேட்டு எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிட்டது. இவள்தான் அவனைக் கொடுமைப்படுத்தினாளாம். தீர்ப்பில் அப்படித்தான் இருக்கிறது.

அதை ரத்து செய்யக் கேட்டு மனுப் போட முப்பது நாள்தான் அவகாசம். அன்றைக்கு இருபத்து ஆறாவது நாள். அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு பின்பக்க அறைக்கு ஓடினேன். கடையைத் திறந்து போட்டுவிட்டு ஓடினேன், திரும்பி வந்தால் யாரோ நாலு பேர் தாங்களே ஜெராக்ஸ் எடுத்துக் காசை மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மனுப் போட்டாகிவிட்டது. வழக்கைக் கோயம்புத்தூரிலிருந்து இந்தப் பக்கம் மாற்றிக் கொடுங்கள் என்று உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம் என்றும் வக்கீல் சொல்லியிருக்கிறார். சம்மனை அன்றே வாங்கிக்கொண்டு கைக்குழந்தையோடு வராண்டாவில் உட்கார்ந்திருந்தாலே இவ்வளவு பாடு இல்லை.

இன்னொரு ரகம், ஜீவனாம்ச மனுவுக்கான சொத்து விவரப் பிரமாணப் பத்திரம். இருவருமே வருமானம், கடன், நகை, வண்டி எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. ஜீவனாம்சத்தையும் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்றது. அந்தப் பத்திரங்களை நான்தான் டைப் அடிக்கிறேன். ‘கூலி வேலை, தினம் முந்நூறு ரூபாய்’ என்று அடிக்கச் சொல்லிவிட்டு வெளியே போய்ப் புல்லட்டைக் கிளப்புகிறார்கள். நான் டைப் அடிப்பவள், ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பத்திரத்தின் நகலை எடுக்க வரும் பெண்களிடம், பிரமாணப் பத்திரத்தில் பொய் சொல்வது சாதாரண விஷயமில்லை, வண்டி நம்பரை உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

இலவச வக்கீல் என்றால் எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு வாய்த்தவர் நல்லவர். ஏனோதானோ என்று வழக்கு நடத்துகிறவர்களும் உண்டு. ‘செலவுக்கு ஏதாவது கொடும்மா’ என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது. சரிவரச் செய்யாத வக்கீலை மாற்றிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. தாலுகாவில் அந்தக் குழுவுக்குத் தலைவரே அங்குள்ள மூத்த நீதிபதிதான். மாவட்டத் தலைநகரில் மாவட்ட நீதிபதி தலைமையில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அங்கே எழுதிக் கொடுத்தால் போதும்.

அடிதடி நடக்கும் வீட்டுப் பெண்கள் விவாகரத்து வரை காத்திருக்கவும் வேண்டாம். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில், மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம். வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று உத்தரவு வாங்கலாம், மாதச் செலவுக்குப் பணம் கேட்கலாம். அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181. நான் சொன்னதெல்லாம் இந்துத் திருமணச் சட்டத்தை வைத்து. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சட்டம் வேறு. இலவச வக்கீல் மட்டும் எல்லாருக்கும் பொது.

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான், அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஒரு பெண் கைக்கு வரும் முதல் கோர்ட் காகிதம் சம்மன். அதில் இன்ன தேதியில், இன்ன நேரத்துக்கு வரத் தவறினால் இன்னது நடக்கும் என்று இருக்கிறது. என் கடைக்கு வரும் சம்மன்களில் நான் ஜெராக்ஸ் எடுத்த எதிலும் இலவச வக்கீல் பற்றி ஒரு வரி பார்த்ததில்லை. ‘வக்கீல் வைக்க வசதியில்லையா? 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்’ என்று தமிழில் ஒரு வரி, ஒரு ரப்பர் ஸ்டாம்பாவது அடித்து அனுப்பக் கூடாதா? ஒரு ஸ்டாம்பு செய்ய எங்கள் ஊரில் நூற்றைம்பது ரூபாய். பத்திரம் விற்கிற இடங்களிலும் ‘பத்திரத்தில் எழுதினால் விவாகரத்து ஆகாது’ என்று ஒரு அட்டை தொங்கவிடலாம். சாவடிக்குப் போகிற ஆட்கள் முதலில் அங்கேதான் போகிறார்கள்.

இதை உயர் நீதிமன்றத்துக்கோ அரசுக்கோ எழுதினால் என் கடிதம் எந்த மேஜையில் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் பத்திரிகையில் வந்தால் எதிர்க்கடை டீக்கடையில் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் நீதிமன்ற ஊழியர்களும் காலையிலேயே படிப்பார்கள். இடம் இல்லையென்றால் கடிதத்தை வெட்டிக்கொள்ளுங்கள். 15100-ஐ மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

என் பெயரும் முகவரியும் உங்களுக்காகத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன், அச்சிட வேண்டாம். மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். சாயங்காலம் நூலகத்தில் உங்கள் பத்திரிகையைத்தான் முதலில் எடுப்பான். இதில் அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற பையன்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வாசகி